பாகற்காய்ப் பச்சை, மத்தன் காவி

ஒளிந்துகொள்வதற்காக முதுகு முழுவதும் பச்சையும் பழுப்புமாகப் பூசிக்கொண்ட ஒரு போர் விமானம், அதே முதுகின் மேல் பளிச்சென்று ஒரு வண்ண வட்டத்தை எதற்காகப் போட்டுக்கொள்கிறது?

போன வாரம் என் மகன் இதைக் கேட்டான். ஒன்றாம் வகுப்பில் படிக்கிறான். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு முழ நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் விமானம் இருக்கிறது. என் மாமா செய்தது. பிறந்தநாளுக்கு அவனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

எட்டு வயதில் நானும் இதே கேள்வியை மாமாவிடம் கேட்டிருக்கிறேன். "எதிரிக்குத் தெரியப்படாது, நம்மாளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதையே இப்போது என் மகனிடம் சொன்னேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்போ எதிரியும் வட்டத்தைப் பாத்துடுவானே, அம்மா?" என்றான். தோசை ஆறுகிறது, சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். அம்மாக்களுக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு எட்டு வயதான வருஷத்துக் கொலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. நாகர்கோவிலில் கல்லூரி முடித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை கிடைத்து, வலியசாலையில் எங்களோடு தங்கியிருந்தார். எங்களுடையது பழைய அக்கிரகாரத்து வீடு. பக்கத்து வீட்டில் தாளிக்கும் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கும். வாசல் நிலைகள் எல்லாம் குட்டை. மாமா ஆபீசுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மாமாவை, உயரம் போதவில்லை என்று சொல்லி விமானப்படையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கல்லூரி முடித்த கையோடு அவர் விமானி வேலைக்குத் தேர்வு எழுதினார். அதில் தேறி, வடக்கே எங்கோ போய், டாக்டர் பரிசோதனை வரைக்கும் எட்டியிருக்கிறார். அங்கிருந்து திரும்பி வந்து, "உயரம் போறாதுன்னுட்டா, அக்கா" என்று சொன்னாராம். அம்மா அழுதாளாம். அதற்குப் பிறகு மாமாவின் தம்ளரில் மட்டும் பால் கொஞ்சம் அதிகமாக விழுந்தது. நான் என் பங்குக்கு, ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துத் தொங்கச் சொல்லி அவரை நச்சரித்தேன். அவரும் தொங்கினார். கால் தரையில் இடித்தது. முழங்காலை மடக்கிக்கொண்டு தொங்கினார். அப்போதும் எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பறக்க முடியாமல் போன விமானங்களை மாமா மேஜையில் செய்ய ஆரம்பித்தார். ஷார்ஜாவில் வேலை பார்த்த ஒரு நண்பர் லீவில் வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவருவார். மற்றவர்களுக்கு சென்ட், சோப்பு, டார்ச் லைட். மாமாவுக்கு விமானம். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் சிறகும் வாலும் சக்கரமும் காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, முழு விமானமாக்க ஒரு மாதம் பிடிக்கும். அதற்கு மேல்தான் வர்ணம். மாமாவுக்கு உயிரே அதில்தான்.

பெட்டியோடு வர்ணம் வராது. சாலைக் கடைத்தெருவில் கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டைச் சின்ன டப்பாக்களில் வாங்கி வந்து, மாமாவே கலப்பார். கதவு பெயிண்ட் மினுங்கும். போர் விமானம் மினுங்கினால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கலந்து மினுமினுப்பைக் கொல்லுவார். எங்கள் வீட்டு விமானங்கள் எல்லாம் பவுடர் வாசனை அடித்தன. "இது யுத்தத்துக்குப் போறதா, கல்யாணத்துக்குப் போறதாடா?" என்று அப்பா கேட்பார்.

முதுகில் பச்சையும் பழுப்பும் வளைந்து வளைந்து சேரும் கோட்டுக்கு, அம்மாவிடம் சப்பாத்தி மாவு வாங்குவார். அதை மெல்லிய திரியாக உருட்டி, சிறகின் மேல் பாம்பு போல வளைத்து ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் வர்ணம் பூசி, காய்ந்ததும் மாவைப் பிய்த்தெடுப்பார். மேலிருந்து பார்த்தால் காடும் மண்ணும் போல இருக்கும். வயிற்றுப் பக்கம் வெளிர் நீலம். கீழிருந்து பார்க்கிறவனுக்கு ஆகாயம் போலத் தெரிய வேண்டும். ஒரே உடம்புக்கு இரண்டு விதமான ஒளிந்துகொள்ளல் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நானும் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு முற்றத்துத் துளசிமாடத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா உடனே கண்டுபிடித்து, பால் வாங்க அனுப்பிவிட்டாள்.

இதில் என் உத்தியோகம் பெயர் வைப்பது.

மாமா கலந்த வர்ணங்களை ஹோமியோபதி மாத்திரை வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி வைப்பார். ஒவ்வொரு வர்ணத்தையும் ஒரு குச்சியில் தொட்டு, முற்றத்து வெளிச்சத்தில் நீட்டி, "இது எது மாதிரி இருக்கு, குட்டி? சமையலறையில போய்ப் பாத்துண்டு வா" என்பார். நான் குச்சியோடு ஓடி, காய்கறிக் கூடையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் வைத்து ஒப்பிட்டுவிட்டு வருவேன். அடர்பச்சை முருங்கைக்கீரை ஆயிற்று. பழுப்பு சுக்குக்காப்பி. வெளிர் நீலத்துக்குச் சமையலறையில் ஒன்றும் அகப்படாமல், துணிக்குப் போடும் நீலச்சொட்டு என்று வைத்தேன். காவி மத்தன். எங்கள் ஊர்ப் பேச்சில் பரங்கிக்காய்க்கு அதுதான் பெயர். இன்னொரு இளம்பச்சை பாகற்காய். பிளாஸ்திரித் துண்டில் பெயரை எழுதிக் குப்பியில் ஒட்டுவதும் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மலையாளமும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுத்தை அம்மா வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பார்த்து, இரண்டு பேரும் அழுது, விட்டுவிட்டிருந்தோம். அதனால் மாமாவின் குப்பிகளைப் பார்த்து அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "தமிழ் எழுதிப் பழகட்டும்னுதான், அக்கா" என்று மாமா சொல்வார். "ழகரம்கூட நன்னா வரதுடா இவளுக்கு" என்று அம்மா பூரிப்பாள்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மாமாவுக்குப் பச்சையையும் சிவப்பையும், அவற்றின் சொந்தக்காரர்களான பழுப்பையும் காவியையும், பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. வடக்கே அந்த டாக்டர் ஒரு புள்ளிப் படத்தைக் காட்டும் வரைக்கும் அவருக்கே அது தெரியாதாம். கண் என்று சொன்னால் அக்கா பயந்துவிடுவாள், வரன் அமையாது, இருக்கிற வேலைக்கும் யாராவது கேள்வி கேட்பார்கள். ஏதேதோ நினைத்து உயரம் என்று சொல்லிவிட்டார். சொன்னதை எங்கள் வீட்டில் ஒருவரும் சந்தேகிக்காததால், அப்படியே நிலைத்தும் விட்டது. நானோ, மாமா என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு, எங்கள் ஊரிலேயே ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் கொலு பார்க்க வருவதாக ஏற்பாடு. முறையான பெண் பார்த்தல் இல்லை. கொலு என்ற சாக்கில் வந்து, சுண்டல் சாப்பிட்டு, பையனையும் வீட்டையும் பார்த்துவிட்டுப் போவது. பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. பெண்ணுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மாமா ஏதோ ஆபீஸ் காரியமாக அங்கே போனபோது அவளைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் சுற்றி வளைத்துச் சொல்லி, அம்மா இன்னும் சுற்றி வளைத்து விசாரித்து வந்த வரன் அது. இதற்கு முன்னால் வந்த ஜாதகங்களை எல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், இந்த ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று தெரிந்த அன்று ஊஞ்சல் சங்கிலியில் தானாகவே தொங்கினார்.

இதில் ஒரு விசேஷம். பெண்ணின் அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் விமானத்துக்கு ஆசைப்பட்டவன், உயரம் ஒன்றுதான் போறாமல் போயிற்று என்று அம்மா சொல்லியனுப்பியது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம்.

மாமா ஷார்ஜாப் பெட்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்தார். ஒரு மிக் விமானம். பெட்டியில் வேறு தேசத்து நட்சத்திரங்கள்தான் ஒட்டுவதற்கு வந்திருந்தன. தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கி வரும் அந்த நட்சத்திரங்களை மாமா எனக்குக் கொடுத்துவிட்டார். நான் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். நம் நாட்டு வட்டத்தைத் தானே கையால் வரையப்போவதாகச் சொன்னார். வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் கடுகு முளைக்கப்போட்டு, கறுப்பு அட்டையில் ஓடுபாதை வைத்து, ஒரு விமான நிலையம். அதில் இந்த விமானம். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "பெருமாள் பக்கத்துல சண்டை விமானமா வெப்பா?" என்று கேட்டாள். "ஏன், கருடனை வெக்கலையா?" என்றாள் அம்மா. தம்பிக்காக அம்மா எதையும் பேசுவாள்.

முதுகு வேலை என் மேற்பார்வையில் முடிந்தது. முருங்கைக்கீரையும் சுக்குக்காப்பியும் அதனதன் இடத்தில் அழகாக வந்தன. வட்டம் மட்டும் பாக்கி. அப்போது நாகர்கோவிலில் அத்தைக்குச் சீமந்தம் வந்தது. அப்பாவும் நானும் போனோம். இரண்டு நாளில் திரும்ப வேண்டியது. எனக்குக் காய்ச்சல் வந்து அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

அந்த இடைவெளியில் அம்மா வீட்டைச் சுத்தம் செய்தாள். கொலுவுக்கு முன்னால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். பரண், ஜன்னல் கம்பி, விளக்கு எல்லாம் தேய்த்து முடித்துவிட்டு, தம்பியின் மேஜையைப் பார்த்திருக்கிறாள். பெண் வீட்டார் வரும் நேரம். அழுக்கேறிய பிளாஸ்திரிகளோடு எண்ணெய்ப் பிசுக்காகக் குப்பிகள். அத்தனையையும் வெந்நீரில் போட்டு, மண்ணெண்ணெயில் துடைத்து, பிளாஸ்திரியெல்லாம் சுரண்டியெடுத்து, உயரவாரியாக அடுக்கிவைத்துவிட்டாள். மாமா ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது குப்பிகள் நகைக்கடையில் இருப்பதுபோல மின்னிக்கொண்டு நின்றனவாம். "எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "ரொம்ப நன்னாருக்கு, அக்கா" என்று மாமா சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வார்? எது பச்சை, எது காவி என்று அம்மாவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதானே இத்தனை வருஷமும்.

காய்ச்சல் விட்டு நானும் அப்பாவும் திரும்பி வந்த நாள்தான் பெண் வீட்டார் வருகிற நாள். வேளிமலை முருகன் நவராத்திரிக்காக ஊர்வலமாக எங்கள் பக்கத்து ஆரியசாலைக் கோயிலுக்கு வந்து இருக்கிற நாட்கள் வேறு. தெருவில் அத்தனை கூட்டம். ஆட்டோ கிடைக்காமல் நடந்து வீட்டை அடைந்தபோது, வாசலில் அந்நியச் செருப்புகள்.

கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடுகுப் புல்லின் மேல் குனிந்து நின்றிருந்தார். மாமா பக்கத்தில் சுண்டல் தட்டோடு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றிருந்தார்.

"முதுகு பிரமாதமா வந்திருக்கு. ஆனா இதென்ன, வட்டம் நம்மளோடது இல்லையே?" என்றார் அவர். "வெளியில காவின்னா வரணும்? உள்ள பச்சை. இங்க மாறிக் கெடக்கு. நான் கையால துடைச்ச வட்டமாக்கும் இது."

"வட்டம் நன்னா உருண்டையாத்தானே இருக்கு?" என்றாள் அம்மா, தம்பியை விட்டுக்கொடுக்காமல்.

"உருண்டைக்குக் குறைச்சல் இல்லை, மாமி. எந்த தேசத்தோடதுன்னுதான் தெரியலை" என்று அவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் காதுகள் சிவந்துவிட்டன. அது அவருக்கே எந்த நிறத்தில் தெரியுமோ.

நான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். "ஐயையோ மாமா! மத்தன் இருக்க வேண்டிய இடத்துல பாகற்காய் போட்டிருக்கேள்!" என்று கத்தினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்ததில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அறிவித்தேன். "நான் ஆத்துல இல்லேன்னா மாமாவுக்கு ஒரு கலரும் தெரியாது!"

கூடமே சிரித்தது. "கேட்டேளா, இந்தப் பொடிசுக்கு இருக்கற வாயை" என்றாள் பெண்ணின் அம்மா. "இவதான் அவனுக்கு மேலதிகாரி" என்றார் என் அப்பா. சிரிப்பில் மாமாவும் சேர்ந்துகொண்டார், எல்லோரும் முடிக்கிற நேரத்தில்.

சிரிக்காத ஒருத்தி அந்தப் பெண். பாட்டுப் பாடச் சொல்லி அவளை வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வந்து, புல்லுக்குப் பக்கத்தில் என்னோடு குந்திக்கொண்டாள்.

"அதென்ன பாகற்காய், மத்தன்?"

"கலரோட பேரு. நான்தான் வெச்சேன். எழுதிக் குப்பியில ஒட்டுவேன். அம்மா கழுவிட்டா."

"மாமா எழுத மாட்டாரா?"

"மாமா கலக்குவார். பேர் என்னோடது."

"பேர் ஒட்டலேன்னா?"

இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது. "பேர் ஒட்டலேன்னா மாமா எப்படி எடுப்பார்?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்கு நாங்கள் பேசியது கேட்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைப்பவர் போல நின்றார். போகவில்லை. அவளை நேராகப் பார்த்தார்.

அவள் புடவைத் தலைப்பை என் பக்கம் நீட்டினாள். "எங்கே, இதுக்கு ஒரு பேர் வை பாப்போம்."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வாழைப்பூ. வெளியில மடல் இருக்குமே, அது."

"வாழைப்பூ" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, அன்று முதல்முறையாக, மாமாவிடம் பேசினாள். "வாழைப்பூ. ஓர்மை இருக்கட்டும், மறந்துடாதேங்கோ."

பாயிலிருந்து அவள் அம்மா, "உசிலி பண்ணினா இவளுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். என் அம்மா அதை மனதில் குறித்துக்கொண்டாள். நிச்சயதார்த்தத்துக்கு வாழைப்பூ உசிலி பண்ணிப்போட்டாள் என்பது பிற்பாடு நடந்த கதை.

எனக்கு அப்போது கோபம்தான். பெயர் வைப்பது எனக்கும் மாமாவுக்கும் உள்ள விளையாட்டு. நேற்று வரைக்கும் யாரென்றே தெரியாத ஒருத்தி அதில் நுழைந்து, மாமாவுக்கே உத்தரவு போடுகிறாள். அவள் பாடியபோது நான் முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கிளம்பும்போது மாமா வழியனுப்ப வந்து, வழக்கம்போல நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நிலையைப் பார்த்தார். மாமாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"உயரம் போறாதுன்னா சொன்னா?" என்று கேட்டார்.

மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சாரமில்லை" என்றார் அவர், மலையாளத்தில் பரவாயில்லை என்று. தோளில் ஒரு தட்டு தட்டினார். "வட்டத்தை மாத்திப் போட்டுடுங்கோ. இல்லேன்னா நம்மாளே சுட்டுத் தள்ளிடுவான், கேட்டேளா."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் இப்போது இல்லை, கேட்கவும் முடியாது.

உடனே மாற்றிப்போட முடியவில்லை. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு பிரஷ்களையும் அடுக்கி வைத்தாகிவிட்டது. விஜயதசமி காலையில் எடுத்தார். எங்கள் தெருக் குழந்தைகள் எல்லாம் அன்று அரிசியில் எழுத்து எழுதினார்கள். நான் பிளாஸ்திரியில் பாகற்காய், மத்தன், முருங்கைக்கீரை, சுக்குக்காப்பி என்று மறுபடி எழுதி ஒட்டினேன். இடது சிறகின் வட்டத்தை மாமா திருத்தி முடித்தார். வலது சிறகை எடுப்பதற்குள் ஸ்ரீவராகத்திலிருந்து ஆள் வந்து, பெண்ணுக்குச் சம்மதம் என்றார். அந்தச் சந்தோஷத்தில் அது அப்படியே நின்றுபோயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு மாமா திருத்தப்போனபோது, எனக்கு மாமியாகிவிட்ட அவள் விடவில்லையாம். "அது அப்படியே இருக்கட்டும். அதைப் பாத்துட்டுத்தானே வந்தேன்" என்றாளாம். ஆகவே, இப்போது எங்கள் அலமாரியில் இருக்கும் அந்த விமானத்துக்கு இன்றும் ஒரு சிறகில் நம் வட்டம், ஒரு சிறகில் எந்த தேசத்துக்கும் சொந்தமில்லாத வட்டம்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பாடத்தில் இந்த நிறக்குறை வந்தது. தாய் வழியாக மகனுக்கு வருவது என்று டீச்சர் பலகையில் கட்டம் போட்டார். சட்டென்று எனக்குக் குப்பிகள் ஞாபகம் வந்தன. அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் சட்டைக் காலர்களுக்கு உள்ளே சின்னச் சின்னத் தையல்கள். ஒரு தையல் என்றால் பச்சை, இரண்டு என்றால் பழுப்பு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பெரிய ரகசியத்தைச் சொல்வது போலச் சொன்னேன். மாமி மடிப்பதை நிறுத்தாமல் சிரித்தாள். "உனக்கு இப்பத்தான் தெரியுமா? நீதானேடி எனக்குச் சொன்னே."

அம்மாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது. உயரத்தைப் பற்றி இன்னும் வருத்தப்படுகிறாள்.

இனி என் கவலைக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தை நான் என் நோட்டில் வரைந்தபோது அது மாமாவோடு நின்றுவிடவில்லை. அம்மாவுக்கு ஒரு கோடு, அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கோடு. எனக்கு மகன் பிறந்தபோது எல்லோரும் ஜாதகம் பார்த்தார்கள். நான் மட்டும் இந்தக் கோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தென்னை ஓலையைப் பழுப்பாகத் தீட்டினபோது, காய்ந்த ஓலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பழுத்த தக்காளியை விட்டுவிட்டுக் காயை எடுத்து வந்தபோது, குழந்தைதானே என்று சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் தோசை சாப்பிட்டு முடித்தபின் விமானத்தை அவன் முன்னால் வைத்தேன். "இந்தச் சிறகு வட்டத்துக்கும் அந்தச் சிறகு வட்டத்துக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் நன்றாகக் குனிந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லையே, அம்மா. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான்.

டாக்டரிடம் காட்டினோம். வியாதி இல்லை, மருந்தும் இல்லை, பயப்படவும் ஒன்றுமில்லை என்றார். என் கணவரும் அதையே சொல்கிறார். எனக்கும் அது தெரிகிறது. எனக்குத் தெரியாதது, அதை அவனிடம் எப்போது சொல்வது என்பதுதான். இப்போதே சொன்னால், இல்லாத ஒரு குறையை நானே அவன் தலையில் ஏற்றிவைப்பதாகுமோ? சொல்லாவிட்டால், ஒருநாள் நாலு பேர் நடுவில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மாமா நின்றது போல அவனும் நிற்பானோ? எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருப்பாள் என்று நான் எப்படி நம்புவது?

மாமாவுக்கு போன் செய்தேன். "சொல்லாதே. அவனே ஒரு வழி கண்டுபிடிச்சுப்பான். நான் கண்டுபிடிக்கலையா?" என்றார். பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "சொல்லிடு. இவர் கண்டுபிடிச்ச லட்சணத்தை நான்தான் பாத்தேனே."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

நேற்று அவனுடைய கிரேயான் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கிரேயானையும் காட்டி, "இதுக்கு என்ன பேர் வெக்கலாம்?" என்று கேட்டேன். அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. பிளாஸ்திரித் துண்டில் நான் புள்ளி வைத்துக் கொடுக்க, அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு அதன் மேல் எழுதினான். "எதுக்கும்மா இது?" என்று கேட்டான்.

"தமிழ் எழுதிப் பழகறதுக்குத்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தையைச் சொல்கிறேன் என்று உறைத்தது.

நான் செய்தது சரியா? உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்து, நீங்கள் சொல்லியிருந்தால், எந்த வயதில், என்ன வார்த்தையில் சொன்னீர்கள்? அல்லது நீங்களே அந்தக் குழந்தையாக இருந்திருந்தால், உங்கள் அம்மா சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா, சொல்லாமல் இருந்ததே நல்லது என்று நினைத்தீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இப்போதைக்குப் பச்சைக் கிரேயானில் பாகற்காய் என்று ஒட்டியிருக்கிறது. ழகரம் இல்லாத பெயர்தான், ஆனாலும் துணைக்கால் கோணலாக இருக்கிறது. அவன் எழுதியது. நான் திருத்தவில்லை.